ஒப்பு மீன்

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘இன்னொருதரம்’ என்று பெயர். எதிரில் மேடம், முதுகுக்குப் பின்னால் இன்னொருதரம். குளிர்பெட்டியைப் பூட்டிவிட்டு மாடிப்படி வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மாதிரிக் குழாயின் மேல் எழுதிய எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படிப்பாள், கழற்றிவிட்டு ஒருமுறை படிப்பாள். “கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னவ, மறுநாள் என்னை வரச்சொல்லி எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துக்கிட்டா” என்று அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இந்தப் பெயர் தனக்கு இருப்பது அவளுக்குத் தெரியும். கோபப்பட்டதில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். நாற்பத்து மூன்று வயதில் ஒருத்திக்குக் கிடைக்கக்கூடிய பட்டங்களில் இது ஒன்றும் மோசமில்லை. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்னொரு தரம் பார்க்காமல் விட்டாள். அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, அவள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நகராட்சியின் உணவுப் பரிசோதனைக் கூடம் இரண்டாவது மாடியில் இருந்தது. மூன்று அறைகள். முதல் அறையில் பாலும் எண்ணெயும் மிளகாய்த்தூளும், நடு அறையில் குடிநீர், கடைசி அறையில் மீன். அந்தக் கடைசி அறை அவளுடையது. மீன் என்றதும் வாளியும் செதிலுமாக நினைத்துவிட வேண்டாம். அங்கே மீன் வருவது பட்டாணி அளவுத் துணுக்காகத்தான். அதை ஒரு மருந்தில் கரைத்து, டி.என்.ஏ.வைத் தனியே பிரித்து, மெஷினில் வைத்து அதைக் கோடிக்கணக்கில் நகல் எடுத்து, நறுக்குகிற மருந்து ஒன்றைச் சேர்த்து, கண்ணாடி போன்ற ஒரு கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுவாள். விளக்கைப் போட்டால் கோடு கோடாகத் தெரியும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கோட்டு வரிசை. தலையை வெட்டி, தோலை உரித்து, எந்தப் பெயரைச் சொல்லி விற்றாலும் அந்தக் கோடுகளை யாராலும் மாற்ற முடியாது.

பெரிய கூடங்களில் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகவே படித்துவிடுவார்கள். இங்கே அவ்வளவு வசதி கிடையாது. பலகையின் முதல் வரிசையில், இன்ன மீன்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒன்றை ஓடவிட வேண்டும். அதற்குப் பக்கத்தில் கடையில் வாங்கியதை ஓடவிட வேண்டும். கோடும் கோடும் நேராக வந்தால் கடைக்காரர் யோக்கியர், வராவிட்டால் அவர் காதில் பூ சுற்றியிருக்கிறார். அந்த முதல் வரிசை மீனுக்கு ஒப்பு மீன் என்று பெயர். அது முழு மீனாக இருக்க வேண்டும், தலை, செதில், துடுப்பு, வால் எதுவும் குறையக் கூடாது, அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும், மீன்வளத்துறை ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியவளே அவள்தான்.

இனி அண்ணனைப் பற்றி. அப்பா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினேழு. படிப்பை விட்டுவிட்டு ஒரு கடையில் மீன் வெட்டப் போனார். நாலைந்து வருஷத்தில் சந்தைக்கு எதிர்த் தெருவில் சொந்தக் கடை போட்டுவிட்டார். ஆனால் தங்கையைக் கடைக்குள் விடவே மாட்டார். சீருடையில் வாடை ஏறிவிடுமாம், பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்ளுமாம். ஏதாவது வேண்டுமென்றால் அவள் தெருவின் இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டுவாள். அவர் கையைக் கழுவி, துடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் தெருவைக் கடந்து வருவார். இப்படி வளர்ந்ததில், மீன் வெட்டுகிறவரின் தங்கை ஒரு மீனைக்கூடத் தன் கையால் செதில் சீவியதில்லை. மீன் என்றால் அவளுக்குத் தோல் உரித்த, முள் எடுத்த, வெள்ளைவெளேர் என்ற துண்டு. கல்யாணமாகிப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு பொட்டலம் வந்தது. “கொடுவா, பாப்பா” என்று கொடுப்பார். அவருக்கு அவள் இன்னமும் பாப்பாதான்.

போன வருஷம் நீண்ட விடுமுறை ஒன்றில் மின்சாரம் போய், குளிர்பெட்டியின் மேல் தட்டு உருகிவிட்டது. மேல் தட்டில் இருந்ததில் கொடுவாவின் ஒப்பு மீனும் ஒன்று. அடுத்த திங்கட்கிழமை சந்தை முழுக்கக் கொடுவாவைச் சோதிக்கிற வேலை தொடங்க வேண்டும், தேதி குறித்தாகிவிட்டது. மீன்வளத்துறையில் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளைவெளேர் என்று கொடுவா. அண்ணன் கடைக் கொடுவா. ஒரு துணுக்கு வெட்டிக் குழாயில் போட்டுக்கொண்டாள்.

ஆய்வுக்கு என்று அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் பொறுக்கி எடுத்துத் தருவார், அது முறையில்லை, வழக்கமாக வருவதே போதும் என்று நினைத்தாள். எவ்வளவு நேர்மை பாருங்கள். பதிவேட்டில் ‘எங்கு பெறப்பட்டது’ என்ற கட்டத்தில் ‘நேரில் அறிந்த கடை’ என்று எழுதினாள். படம் ஒட்டுகிற கட்டத்தைக் காலியாக விட்டாள். கெட்டுப்போன பழைய ஒப்பு மீனின் கோட்டுப் படம் அதே அலமாரியில் இரண்டு தட்டுத் தள்ளி இருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. தேநீருக்குச் சர்க்கரை போட்டாயிற்றா என்று இரண்டு முறை கேட்கிறவளுக்கு அது தோன்றவே இல்லை.

பத்தொன்பது கடைகளில் துண்டு வாங்கினார்கள். அண்ணன் கடைக்கு மட்டும் அவள் போகவில்லை. சொந்தக்காரி போனால் பேச்சு வரும் என்று குடிநீர் அறையிலிருந்து ஒருவரை அனுப்பினாள். முடிவு வந்தபோது ஏழு கடைதான் ஒத்துப்போனது, பன்னிரண்டு ஒத்துப்போகவில்லை. தலைமை ஆய்வாளருக்குத் தலைகால் புரியவில்லை. “பாதிக்கு மேல ஏமாத்து வேலை. எனக்கு அப்பவே தெரியும்” என்று இரண்டு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒத்துப்போன கடைகளில் பச்சைக் காகிதம் ஒட்டினார்கள், மற்றவற்றில் சிவப்பு. அண்ணன் கடையில் பச்சை.

அவள் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாக நடந்து போய் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த பொட்டலம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கனத்தது. அண்ணன் வாசலோடு நின்று கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் போய்விட்டார். ரொம்பப் பூரிப்பில் இருக்கிறார் என்று அவள் கணவரிடம் சொன்னாள்.

சிவப்புக் காகிதம் வாங்கியவர்களில் குழாயடி அக்கா ஒருவர். சந்தையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து மேடையில் முப்பது வருஷமாக உட்காருவதால் அந்தப் பெயர். சந்தைச் சங்கம் சிவப்புக் காகிதக்காரர்களை எல்லாம் இடத்தை விட்டு எழுப்பிவிட்டது. அவர்களை நிரந்தரமாக வெளியேற்றுவதா என்று மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொன்னார்கள். அதுவரை குழாயடி அக்கா குழாயும் இல்லாமல், மேடையும் இல்லாமல், சந்தை வாசலுக்கு வெளியே நடைபாதையில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வாங்குகிறவர்கள் அவரைப் பார்க்காததுபோல் செல்போனைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

கூட்டம் நடக்க வேண்டிய வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. மேசைமேல் வாளியை வைத்து ஈரத்துணியை விலக்கினார். பனிக்கட்டிக்கு நடுவில் ஒரு முழு மீன்.

“இது என்ன மீன்னு சொல்லுங்க மேடம்.”

“அக்கா, இப்படி நேரா தூக்கிட்டு வரக் கூடாது. விண்ணப்பம் எழுதிக் குடுத்து, அதுக்கப்புறம்...”

“எழுதிட்டேன்.” மடித்த தாள் ஒன்றை நீட்டினார். “பன்னிரண்டு பேரு திருட்டுப் பட்டம் வாங்கியிருக்கோம். மத்தவங்க வாயை மூடிட்டு இருக்காங்க. எனக்கு அது பழக்கமில்லை. துண்டைப் பார்த்து வேற மீன்னு எழுதினீங்க. இந்தாங்க, தலையோட, கண்ணோட, வாலோட கொண்டு வந்திருக்கேன். இதையும் வேற மீன்னு எழுதிடுங்க, பார்ப்போம்.”

“மெஷின் யாருக்கும் பாரபட்சம் பார்க்காதுக்கா.”

“மெஷினை நான் ஒண்ணும் சொல்லலையே.”

அவளுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல், அவர் கண் முன்னாலேயே முதுகிலிருந்து ஒரு துணுக்கு வெட்டிக் குழாயில் போட்டாள். மீனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள், பூட்டை இழுத்தும் பார்த்தாள். நாளைக்குச் சாயங்காலம் தெரியும் என்றாள். முழு மீனைக் காட்டிவிட்டு வேறு துண்டை விற்பது எத்தனை பேர் பார்க்கிற வேலை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை விளக்கைப் போட்டபோது குழாயடி அக்காவின் மீன் ஒப்பு மீனோடு ஒத்துப்போகவில்லை. பார்த்தாயா என்றுதான் முதலில் தோன்றியது. பெட்டியைத் திறந்து அந்த மீனை வெளியே எடுத்தாள். நெற்றியில் ஒரு பள்ளம், தங்க நிறத்தில் கண், பெரிய வாய், விசிறி போல வட்டமான வால். சுவரில் மீன்வளத்துறை கொடுத்த படம் ஒன்று பல வருஷமாகத் தொங்குகிறது. அதில் இருக்கிற கொடுவாவைப் பார்த்து யாரோ செய்துவைத்த மாதிரி இருந்தது அந்த மீன். மூன்று வயதுக் குழந்தைகூடத் தொட்டுக் காட்டிவிடும்.

இன்னொரு தரம் ஓடவிட்டாள். அதே கோடுகள். அலமாரியில் இரண்டு தட்டுத் தள்ளி இருந்த பழைய படத்தை எடுத்தாள். பழைய ஒப்பு மீனும் வாளி மீனும் கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருந்தன. அப்படியானால் அவள் வைத்த ஒப்பு மீன் என்ன? கீழ்த் தட்டில் உருகாமல் தப்பிய குழாய்கள் இருந்தன. அதில் ஒன்று, பெட்டி பெட்டியாக உறைந்து வருகிற பண்ணைக் கெளுத்தி. கொடுவா விலையில் கால்பங்குகூட வராத மீன். அதையும் தன் ஒப்பு மீனையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

சிவப்பு வாங்கிய பன்னிரண்டு கடைகளின் கோட்டுப் படங்களையும் அந்தப் பழைய படத்தோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள், எல்லாமே ஒத்துப்போயின. நாற்காலி பக்கத்தில் இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு பேரும் உண்மையான கொடுவாவை விற்றவர்கள். பச்சைக் காகிதம் ஒட்டிய ஏழு பேரும் கெளுத்தி விற்றவர்கள். யோக்கியர்களை எல்லாம் பொறுக்கி எடுத்துத் திருடர்கள் என்று ஊர் முன்னால் நிறுத்தியிருக்கிறாள், அதுவும் அண்ணன் கடைத் துண்டை வைத்துக்கொண்டு.

சாயங்காலம் குழாயடி அக்கா வந்தபோது, “முடிவு இன்னும் வரலைக்கா, வெள்ளிக்கிழமை கூட்டத்துலயே சொல்லிடுறோம்” என்றாள். அது பொய். அக்கா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காலி வாளியோடு படி இறங்கினார்.

வியாழக்கிழமை மதியம் அண்ணன் கடைக்குப் போனாள். தெருவின் இந்தப் பக்கம் நிற்கவில்லை, கையும் ஆட்டவில்லை. நேராக உள்ளே நுழைந்தாள்.

“உள்ள வராதே பாப்பா, வாடை” என்று அண்ணன் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவ ஓடினார். அவள் அவரைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். உறைபெட்டிக்கு மேலேயும் கீழேயும் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பண்ணைக் கெளுத்தி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. ஒளித்துக்கூட வைக்கவில்லை. அவள் இந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை என்பதால் ஒளிக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

“எத்தனை வருஷமாண்ணா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “ஏழு இருக்கும். ஒரு மாசம் கொடுவா சரியா வரலை. ஒரு நாளைக்குன்னு இதைப் போட்டேன். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலை. இன்னைக்கு மீன் பஞ்சு மாதிரி இருக்குன்னு ரெண்டு பேர் தேடி வந்து சொன்னாங்க. அதோட நானும் விட்டுட்டேன்.”

“எங்க வீட்டுக்கு வந்தது?”

“கடையில என்ன இருக்கோ அதைத்தானே குடுக்க முடியும்.”

அவள் ஒப்பு மீன் கதையைச் சொன்னாள். பொட்டலத்திலிருந்து துணுக்கு எடுத்தது, அவரிடம் சொல்லாமல் எடுத்தது, எல்லாம். கேட்கக் கேட்க அண்ணன் முகம் என்னவோபோல் ஆனது. அங்கிருந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“பரிசோதனைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வெளியில வாங்கியாவது நிஜத்தைக் குடுத்திருப்பேனே பாப்பா.” பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: “பச்சைக் காகிதம் ஒட்டினப்ப, நீ தெரிஞ்சுதான் பண்றேன்னு நினைச்சேன். எனக்காகப் பண்ணியிருக்கேன்னு. உனக்கு இப்படி ஒரு வேலையைக் குடுத்துட்டேனேன்னு உன் முகத்தைப் பார்க்க முடியலை.”

அவர் ஊரை ஏமாற்றியதைக்கூட அவள் எப்படியாவது தாங்கியிருப்பாள். தன்னை இத்தனை நாளாக ஒரு கூட்டுக் களவாணி என்று நினைத்து, அதற்காக நன்றியோடு இரண்டு மடங்கு மீன் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார் என்பதுதான் அவளைக் கூனிக் குறுக வைத்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

“நாளைக்கு என்ன சொல்லப்போறே?” என்று கேட்டார். “உன் வேலைக்கு எதுவும் வராம பார்த்துக்கோ. எனக்கு என்ன, வெட்டுற கை எங்க போனாலும் பிழைச்சுக்கும்” என்றார். அவள் வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகுதான், அவர் இந்த முறை கையை முகர்ந்து பார்க்காமலே தன் தோளைத் தொட்டிருக்கிறார் என்பது உறைத்தது.

கூடத்துக்குத் திரும்பித் தலைமை ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அவருக்கு ஆத்திரம் வரவில்லை, பயம்தான் வந்தது. பன்னிரண்டு பேரும் வழக்குப் போட்டால் கூடத்தையே இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். பத்து நிமிஷம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, பேனாவை எடுத்து ஒரே வாக்கியம் எழுதினார். “குளிர்பெட்டிக் கோளாறின் காரணமாக ஒப்பு மாதிரி பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், கொடுவா மீன் தொடர்பான பத்தொன்பது கடைகளின் முடிவுகளும் திரும்பப் பெறப்படுகின்றன.”

“இதுல பொய் ஒண்ணும் இல்லை. பெட்டி கெட்டது நிஜம்தானே? அவங்க இடம் அவங்களுக்குக் கிடைச்சுடும், உங்க அண்ணன் பேரும் வராது, உங்க பேரும் வராது. என்ன சொல்றீங்க?”

அவள் தலையாட்டினாள். ஆமாம், தலையாட்டினாள். இதை விட்டுவிட்டு மேலே போகலாம் என்றுதான் எனக்கும் ஆசை, ஆனால் நடந்தது அதுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தில் பொய் இல்லை, பொய் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குச் சங்க அறையில் இடம் பற்றாமல், மீன் கொட்டகையிலேயே கூடினார்கள். பத்தொன்பது கடைக்காரர்களும் இருந்தார்கள். அண்ணன் கடைசித் தூணில் சாய்ந்து நின்றார். குழாயடி அக்கா தன் பழைய மேடையில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றார். தலைமை ஆய்வாளருக்கு அன்றைக்குப் பார்த்து வேறொரு அவசர வேலை வந்துவிட்டதால், தாளைப் படிக்கிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

படித்தாள். சிவப்புக் காகிதக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கச் செயலாளர், “அப்ப சரி, அவங்கவங்க இடத்துக்கு அவங்கவங்க போகலாம்” என்று நாற்காலியை விட்டு எழுந்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

“இன்னொரு தரம் படிங்க மேடம்” என்றார் குழாயடி அக்கா.

படித்தாள்.

“இதுல நான் வித்தது கொடுவான்னு எங்க இருக்கு?”

“முடிவைத் திரும்ப வாங்கிட்டோம்கா. சிவப்புக் காகிதத்தை எடுத்துடுவோம்.”

“காகிதத்தை நானே கிழிச்சுக்குவேன். முப்பது வருஷமா என்கிட்ட வாங்கினவங்க, இந்தம்மாவும் மாத்தி வித்தாளோ என்னவோன்னு ஒதுங்கிப் போறாங்க. எல்லாரோட முடிவும் சந்தேகம்னா, நானும் சந்தேகம்தான், அந்தப் பச்சைக் காகிதக்காரங்களும் சந்தேகம்தான். அதுக்கு இப்படியே நடைபாதையில இருந்துடலாம்.” ஒரு அடி முன்னால் வந்தார். “எனக்கு ஒரே ஒரு கேள்விதான். செவ்வாய்க்கிழமை வாளியில கொண்டு வந்தேனே, அது என்ன மீன்?”

அவள் தாளைப் பார்த்தாள். தாளில் அதற்குப் பதில் இல்லை.

“கொடுவா” என்றாள்.

“பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேட்கலை.”

“கொடுவாதான் அக்கா.” தாளை மடித்தாள். “நீங்க வித்த துண்டும் கொடுவாதான். சிவப்பு ஒட்டின பன்னிரண்டு கடையிலயும் வித்தது கொடுவா. பெட்டியால வந்த தப்பு இல்லை இது. எதை வெச்சு உங்களை அளந்தேனோ அதுதான் பொய். முழு மீனா வாங்கிப் படம் எடுத்து வைக்கணும்னு விதி. நான் வெட்டின துண்டை வாங்கி வெச்சேன், சரிபார்க்கலை. அது பண்ணைக் கெளுத்தி. புதன்கிழமையே எனக்குத் தெரியும். உங்ககிட்ட முடிவு வரலைன்னு பொய் சொன்னேன்.”

“யார் கடையில வாங்கினீங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

அவள் நிமிர்ந்து கடைசித் தூணைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். சொல் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கவும் இல்லை.

“என் அண்ணன் கடையில.”

அதற்குப் பிறகு கிளம்பிய கூச்சலில் பாதி அவள் காதில் விழவில்லை. விழுந்த பாதியை இங்கே எழுத முடியாது. அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு செய்தது என்றார்கள். இல்லை என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவைக் கடந்து தன் கடைக்குப் போனார். கத்தியை எடுத்துப் பச்சைக் காகிதத்தைச் சுரண்டினார். நன்றாக ஒட்டியிருந்தார்கள். நடுப்பகுதி கிழிந்து வந்தது, ஓரமெல்லாம் கண்ணாடியோடு நின்றுவிட்டது.

குழாயடி அக்கா தன் மேடைப் பக்கம் திரும்பினார். நன்றி சொல்ல அதில் என்ன இருக்கிறது. குழாயைத் திறந்து, மூன்று வாரமாக யாரோ உட்கார்ந்திருந்த தன் மேடையைத் தேய்த்துக் கழுவினார். கழுவிய தண்ணீர் வழிந்து வந்து இன்னொருதரத்தின் செருப்பை நனைத்தது. அவள் அங்கேயே நின்றாள்.

பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. அவளிடம் விளக்கம் கேட்டு எழுதினார்கள். எழுதிக் கொடுத்தாள், ‘எங்கு பெறப்பட்டது’ என்ற கட்டத்தை இந்த முறை முழுசாக நிரப்பினாள். மீன் அறையை எடுத்துவிட்டுக் குடிநீர் அறையில் போட்டார்கள். புது ஒப்பு மீன் குழாயடி அக்காவிடமே வாங்கப்பட்டது, தலையோடு, வாலோடு, படத்தோடு, கையெழுத்தோடு. மறு சோதனையில் பன்னிரண்டு பச்சை, ஏழு சிவப்பு. அண்ணன் தன் கடைப் பலகையில் ‘பண்ணைக் கெளுத்தி’ என்று தானே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். அவள் போனால் பேசுவார், பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம் நின்றுவிட்டது. அதை அவர் நிறுத்தினாரா, அவள் வேண்டாம் என்றாளா என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குழாயடியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவள் முறை வந்ததும் அக்கா நிமிர்ந்து பார்த்தார். மேடம் என்று சொல்லவில்லை.

“என்ன வேணும்?”

“கொடுவா. ஒண்ணு.”

“வெட்டித் தரட்டுமா?”

“வேண்டாம்கா. முழுசாவே குடுங்க.”

அக்கா ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார், கண்ணைக் காட்டினார், வாலை விரித்துக் காட்டினார். கேட்காமலே காட்டினார். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு மீனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

செதில் சீவ ஒரு மணி நேரம் ஆயிற்று. சமையலறை முழுக்கச் செதில் தெறித்தது, அவள் தலைமுடியிலும் இரண்டு ஒட்டிக்கொண்டன. உப்பும் மிளகும் போட்டு வறுத்துத் தட்டில் வைத்தாள். கணவர் இரண்டு வாய் தின்றார். மூன்றாவது வாய்க்குத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் உங்க அண்ணன் குடுக்கிற கொடுவா மாதிரி வராது” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டார். அவள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, கடல் வாசம் அடித்தது. மென்றாள், இன்னொரு தரம் போட்டு மென்றாள். ஏழு வருஷம் பழகிய அவளுடைய நாக்கும் அந்தக் கெளுத்தியைத்தான் தேடியது. இதை எந்தப் பதிவேட்டில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டில் இருந்ததைத் தோலோடு முழுக்கத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.